அப்பாவின் அமெரிக்கப் பெயர்

அப்பாவுக்கு வைத்திருந்தது முழுக்க முழுக்க ஓர் அமெரிக்கப் பெயர். லண்டனில் கவுன்சில் அலுவலகத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், இந்தக் கறுத்த, கட்டையான யாழ்ப்பாணத்து மனிதர் எழும்பி நின்ற பிறகும் வெள்ளைக்காரன் ஒருவனைத் தேடுவார்கள்.

"என்ரை பூட்டன்ரை தேப்பன் அமெரிக்கன். மிஷனோடை வந்தவர். அவற்றை பேர்தான் வழிவழியா வருது" என்பார். அவருக்குப் பெருமை, எனக்கு எரிச்சல்.

"அப்ப உங்கடை மூக்கு ஏனப்பா இப்பிடி?" என்று கேட்பேன்.

போன வருடம் டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்த மனுசன்ரை ஆக்களைத் தேடித் தா பிள்ளை. நான் ஆரின்ரை வழி எண்டு தெரியாமல் சாக ஏலாது."

மோர்டனில் எங்கள் வீட்டில் இருந்தபடி அமெரிக்க வம்சாவளிகளை இணையத்தில் கிளறினேன். கடைசியில் அதே குடும்பப் பெயருள்ள ஒரு மூதாட்டி அகப்பட்டார். வீடியோவில் அவரை அப்பாவின் முன்னால் கொண்டுவந்தேன்.

மூதாட்டி மெதுவாகச் சொன்னார். அந்தக் காலத்தில் தங்கள் குடும்பத்தில் ஒரு கடைக்காரர் இருந்தார். சொந்த ஊரைத் தாண்டாதவர். அவருடைய ஒரே மகன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போனான். அவன் நினைவாகப் பணம் அனுப்பி, யாழ்ப்பாணத்து மிஷன் விடுதியில் ஒரு பிள்ளையைப் படிக்கவைத்தார். படிக்கவைப்பவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். அவர் தன் மகனின் பெயரைச் சொன்னார். அதன்பின் அவருக்குப் பிள்ளையே இல்லை. தான் அவருடைய தம்பியின் வழி.

அந்த விடுதிப் பிள்ளைதான் அப்பாவின் முன்னோர்; அமெரிக்கக் குடும்பத்தோடு இரத்த உறவு ஒரு சொட்டும் இல்லை. ஐயோ, சும்மா விட்டிருக்கலாமே என்று நினைத்தேன்.

நவம்பரில் எங்கள் சேர்ச்சில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு வந்தது. பெயரை வாசிக்கும்போது அவரவர் சொந்தக்காரர் எழும்பி நிற்பார்கள். அப்பா போதகரிடம் தன் பெயரையே கொடுத்தார்.

போதகர் திகைத்துப்போனார். "ஐயா, இது உங்கடை பேரெல்லே?"

"இல்லை. காய்ச்சலிலை செத்த அந்தப் பிள்ளையின்ரை. அவனுக்கு எழும்பி நிக்க வேறை ஆர் இருக்கினம்?"

போதகர் வாசித்தார். அப்பா முன்னால் இருந்த வாங்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நானும் எழும்பினேன்.