அந்தோனியாரின் காலடியில் வைத்த கார்ப் புத்தகம்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. வாசிக்க வேண்டிய ஒரு பத்திரத்தை வாசிக்காமல் கொண்டுபோய் வீட்டிலுள்ள புனித அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்து, அதற்கு மேலே மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு, ஏழு மாதம் நிம்மதியாகக் குறட்டை விட்டவன் நான். அந்தோனியார் ஒரு கையில் குழந்தை யேசுவை வைத்திருக்கிறார். மற்றக் கையில் லீலி மலர். என் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க அவருக்கு எந்தக் கை மிச்சம்?

குருநகரில் இது புதுப் பழக்கமில்லை. விசாப் படிவம், கடவுச்சீட்டு, படகுப் பதிவு எல்லாவற்றையும் சுரூபத்தடியில் வைத்து ஒன்பது செவ்வாய் மன்றாடுவோம். ஆனால் மற்றவர்கள் வாசித்துவிட்டு வைப்பார்கள். ஒன்பதாம் செவ்வாய் முடிய எடுத்துவிடுவார்கள். நான் இரண்டும் செய்யவில்லை.

நானும் மனைவி ஜெசிந்தாவும் இருபத்தொன்பது வருடம் பிரான்சில் இருந்தோம். நான் பேக்கரிப் பாண் வண்டி ஓடினேன். அவள் மற்றவர்களின் மாடிப்படிகளைத் துடைத்தாள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் "எப்ப ஊருக்குப் போவம்?" என்று கேட்பாள். கடைசியில் வந்தோம். கோயில் மணி கேட்கிற தூரத்தில் சின்ன வீடு. விடியற்காலைப் பூசைக்கு அவள் நடந்து போவாள். நடந்து வருவாள். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

என் ஆசை கொஞ்சம் பெரிது. இடப்பக்க ஸ்ரியறிங்கும் பிரெஞ்சு நம்பர் பிளேற்றுமாக என் காரைக் கப்பலில் கொண்டுவந்து, நான் பிறந்த ஒழுங்கைக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டினேன். ஒழுங்கை ஏழடி, கார் ஆறடி. முதல் நாளே இரண்டு வேலியைச் சாய்த்தேன். "பரிஸ் அண்ணை வாறார், வேலியைப் பிடியுங்கோ" என்று சனம் சிரித்தது. அதையும் மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் பதிந்த காரை இங்கே தற்காலிகமாக வைத்திருக்க ஒரு புத்தகம் தருவார்கள். காருக்கான கடவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும்போது, எந்தத் திகதிக்குள் வெளியேற வேண்டும் என்று குறித்துச் சுங்கத்தில் ஒரு முத்திரை, வெளியே போகும்போது இன்னொரு முத்திரை. புத்தகத்துக்கு உரியவன் மட்டும்தான் ஓட்டலாம். நாங்கள் இருவரும் பிரெஞ்சுப் பிரஜைகள். உல்லாசப் பயணிகளாக வந்து, பிறகு இங்கே தங்குவதற்கு விசா மாற்றினோம். கார் மட்டும் உல்லாசப் பயணியாகவே நின்றது.

புத்தகத்தின் மட்டையில் ஒரு வருடத் தவணை அச்சடித்திருந்தது. அதைப் பார்த்தேன். அதற்குமேல் ஒன்றும் பார்க்கவில்லை. நேரே அந்தோனியாரிடம் கொடுத்துவிட்டேன். போதாக்குறைக்கு, ஜெசிந்தாவின் தம்பி யூட் ஒரு கலியாணத்துக்குப் பொம்பிளைக் காராக அதைக் கேட்டான். பூவெல்லாம் கட்டி அவனே ஓட்டிப் போனான். நான் பின்னால் ஓட்டோவில் போய்க் கைதட்டினேன்.

வைகாசிக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. புத்தகத்தைத் தந்த பிரெஞ்சு மோட்டார்க் கழகம் அனுப்பியது. மூன்றே வரி. மட்டையில் உள்ள திகதி முக்கியமில்லை, கார் நிற்கும் நாட்டின் சுங்கம் இட்ட முத்திரையில் உள்ள தவணைத் திகதிதான் முடிவு. கார் வெளியேறியதற்கான அத்தாட்சியை அனுப்பவும்.

சுரூபத்தடியில் இருந்து புத்தகத்தை எடுத்தேன். எடுக்கவா விட்டது? ஏழு மாதத்து மெழுகு ஓரமெல்லாம் வழிந்து இறுகியிருந்தது. நகத்தால் கிளப்பினேன். முத்திரை குத்திய பக்கத்தின் ஒரு மூலை மெழுகோடு சேர்ந்து கிழிந்து வந்தது. திகதி இருந்த இடத்தில் தடித்த மஞ்சள் மெழுகு. இன்னும் கிளப்பினால் திகதியே கிழிந்துவிடும்.

திகதி முடிந்துவிட்டதா, இனித்தான் வருமா என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமுமில்லை.

எங்கள் விசா அடுத்த மாதம் நீடிக்க வேண்டியிருந்தது. கார் பிடிபட்டு என் பெயரில் ஒரு சுங்க வழக்கு விழுந்தால் விசா கிடைக்குமா? திருப்பி அனுப்பிவிட்டால்? எனக்கென்ன, நான் எங்கேயும் பாண் விற்பேன். ஜெசிந்தா? அறுபத்திரண்டு வயதில் அவளை மறுபடியும் அந்த மாடிப்படிகளுக்குக் கூட்டிப்போவதா?

அன்றே காரை மதிலோரம் தள்ளி, பெரிய நீலப் படங்கு ஒன்றால் மூடிக் கயிறு கட்டினேன். அதன்பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. முற்றத்தில் கார் நின்றபோது அது கார். மூடியபிறகு அது வேறு ஏதோ. போர்த்திக் கிடக்கிற பிரேதம் போல. பட்டப்பகலில், காகமும் கத்தாத வெயிலில், சோளகக் காற்று உள்ளே புகும்போது படங்கு மெல்ல ஊதிப் பிறகு தாழும். மூச்சு விடுவது போலவே இருக்கும். எப்போதும் அந்தக் காருக்குக் கீழே படுத்துக்கிடக்கும் பக்கத்து வீட்டு நாய் அந்தப் பக்கமே வரவில்லை. ஒழுங்கையில் எந்த மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தாலும் நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு ஆறு தரம் குளித்தேன்.

யூட் வந்தான். வழமையாகப் படலைக்கு வெளியே நின்றே பகிடி விடுபவன். அன்று உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், உங்கடை காரைப் பற்றி ஒராள் விசாரிச்சவன். சந்தியிலை நிண்டு. ஹெல்மெற்றும் கழட்டேல்லை."

"என்ன கேட்டவன்?"

"பிளேற் நம்பர் என்னெண்டு. வீடு எதெண்டு. ஆர் ஓடுறதெண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"எனக்கு உங்களையே தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

அந்த ஆள் ஒரு கலியாணப் படப்பிடிப்பாளன் என்றும், மாப்பிள்ளை பொம்பிளையைக் காரோடு நிறுத்திப் படமெடுக்க ஆசைப்பட்டவன் என்றும் பிறகுதான் தெரிந்தது. அன்று அது எனக்குத் தெரியாது. அன்று அவன் எனக்கு மரண தூதன்.

நான் அந்தோனியாரிடம் போனேன். முழந்தாளில் விழுந்தேன். "அந்தோனியாரே, சுங்கக்காரரின் கண்ணை மறையும். ஒருத்தரும் இந்தக் காரைக் காணக்கூடாது. ஒளித்து வையும்" என்று அழுதேன். ஐந்து நாள் இதே மன்றாட்டு. ஐந்தாம் நாள், வியாழக்கிழமை மத்தியானம், ஜெசிந்தா மீன் கழுவிய கையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடிதத்தை நான் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை. ஆனால் இருபத்தொன்பது வருடம் என்னோடு இருந்தவள் அவள்.

"என்னப்பா, உங்களுக்கு மூளை கழண்டு போச்சோ? அந்தோனியார் காணாமப்போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர். அவரிட்டைப் போய் ஒளிச்சுவை எண்டு கேக்கிறியளே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி அது அழுகையாகப் போய்விட்டது. கடிதம், மெழுகு, கலியாணம், விசா எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். செதில் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"திருப்பி அனுப்புவாங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் குசினிக்குள் போனபின், நான் மறுபடியும் முழந்தாளிட்டேன். ஒன்றே ஒன்று சொன்னேன். "சரி. கண்டுபிடியும்." என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆகச் சின்னச் செபம் அதுதான். ஆகப் பயந்து சொன்னதும் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் சோளகம் பேயாய் அடித்தது. கயிறு ஒவ்வொன்றாக அறுந்தது. நான் ஓடிப்போய் ஒரு மூலையைப் பிடித்தேன். படங்கு என்னையும் இழுத்துக்கொண்டு எழும்பியது. விட்டேன். அது மதிலுக்கு மேலால் பறந்து, ஒழுங்கையில் வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் மேல் விழுந்தது. படங்குக்குள் இருந்து இரண்டு பொலிஸ்காரர் வெளியே வந்தார்கள்.

ஆண்டவர் மன்றாட்டைக் கேட்கத் தாமதிக்கிறார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை.

மூத்தவர் படங்கைச் சுருட்டிக்கொண்டு படலையடிக்கு வந்தார். "ஆரின்ரை படங்கு?"

"எங்கடைதான் ஐயா."

அவர் என்னைத் தாண்டி முற்றத்தைப் பார்த்தார். பிரெஞ்சு நம்பர் பிளேற்றைப் பார்த்தார். "அப்ப அந்தக் கார்?"

எனக்குப் பின்னால் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. "அதுவும் எங்கடைதான்."

அரை மணித்தியாலத்தில் பொலிஸ்காரர் என்னைப் புத்தகமும் கையுமாகச் சுங்க அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அதிகாரி. சிரிக்காத முகம். புத்தகத்தை வாங்கி, மெழுகைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"இது என்ன?"

"மெழுகுதிரி, மிஸ்."

"புத்தகத்துக்கு மேலை ஏன் மெழுகுதிரி?"

நான் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தசையும் ஆடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து இரும்பு அடிமட்டம் ஒன்றை எடுத்தார். அதன் ஓரத்தால் மெல்ல மெல்லச் சுரண்டத் தொடங்கினார். மின்விசிறி சுற்றியது. மெழுகு துகள் துகளாகக் கடதாசியில் விழுந்தது. முதலில் ஒரு நீலக் கோடு. பிறகு மாதம். பிறகு நாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தீர்ப்பு நாள் எப்படியிருக்கும் என்று இனி எனக்கு ஒருவரும் பிரசங்கம் வைக்கத் தேவையில்லை.

"வாற செவ்வாய்" என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை. பயத்தில் 'போன செவ்வாய்' என்றே என் காதில் விழுந்தது.

"நாலு நாள் கிடக்கு. செவ்வாய்க்கிழமை அலுவலகம் பூட்டுறதுக்குள்ளை கார் கொழும்பிலை சுங்கக் களஞ்சியத்துக்குள்ளை போகவேணும். போனால் சரி, கப்பல் ஆறுதலா வரட்டும். புதன்கிழமை நான் உங்களைப் பிடிச்சிருந்தால் காரும் போயிருக்கும், வழக்கும் வந்திருக்கும்."

நான் கேட்டபடி அந்தோனியார் இன்னும் ஐந்து நாள் அவர்களின் கண்ணை மறைத்திருந்தால் என் கதை முடிந்திருக்கும், சகோதரரே! நான் கேட்டதைத் தராமல் விட்டதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

அவர் கடிதம் எழுதத் தொடங்கினார். நேரே கொழும்புக்கு, நான் மட்டும் ஓட்டிப் போகலாம் என்று. எழுதியபடியே, "வேறை ஆரும் ஓடினவையோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். இனி எதை ஒளிக்க? யூட்டின் கலியாண ஓட்டத்தைச் சொன்னேன். பேனை நின்றது. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "அதையும் எழுதிக் கையெழுத்து வையுங்கோ." எழுதினேன். அதைப் புத்தகத்தோடு சேர்த்துக் குத்தினார். அந்தத் தாளோடுதான் நான் கொழும்புக்குப் போக வேண்டும்.

சனியும் ஞாயிறும் அலுவலகம் பூட்டு. திங்கள் போயா விடுமுறை. ஞாயிறு விடியப் பூசை முடிய வெளிக்கிட்டோம். யூட்டுக்குத் தாளைப் பற்றிச் சொன்னேன். "இப்ப உண்மையாவே உங்களைத் தெரியாது, அத்தான்" என்று அழுவாரைப்போலச் சொன்னான்.

கொடிகாமம் வரும்போது காரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழு மாதம் எரியாத விளக்கு. வானம் கறுத்து வந்தது. என் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போய் ஒரு திருப்படத்தை எடுத்து அந்த விளக்கை மறைத்து ஒட்டப் பார்த்தது. ஜெசிந்தா செபமாலையை நிறுத்தினாள்.

"திரும்பவும் மறைக்கிறியளோ?"

சந்தைக்குப் பக்கத்துக் கராஜில் நிறுத்தினேன். பொனற்றைத் திறந்த மெக்கானிக் ஒயில் பார்க்கிற குச்சியை ஒரு சீலைத் துண்டால் துடைத்துக் காட்டினார். "ஒயில் சொட்டும் இல்லை. ஆனையிறவு தாண்டியிருக்க மாட்டியள், அண்ணை. எஞ்சின் இறுகியிருக்கும்." ஊற்றினார். விளக்கு அணைந்தது. கொழும்பு போய்ச் சேரும்வரை திருப்படம் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின் நாள், களஞ்சிய வாசலில் எனக்கு முன்னால் பதினொரு பேர். மூன்று மணி. மூன்றரை. ஒரு அதிகாரி யூட்டைப் பற்றி நான் எழுதிய தாளை இரண்டு தரம் வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே கதிரையில் ஜெசிந்தாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. "இனி ஒருக்காலும் காரை மற்றவன்ரை கையிலை குடுக்காதையுங்கோ" என்று கடும் எச்சரிக்கை ஒன்றை எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணியாகக் கேட்டது. இரண்டு கிழமையில் கார் கப்பலேறி, பிரான்சில் இருக்கும் எங்கள் மகளிடம் போனது. அடுத்த மாதம் எங்கள் விசாவும் நீண்டது.

இப்போது நான் பூசைக்கு ஜெசிந்தாவோடு நடந்து போகிறேன். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் அன்றைக்கே உடைத்து, அவளுக்குச் சத்தமாக வாசிக்கிறேன். மின்சாரப் பட்டியலையும்கூட. அன்பான சகோதர சகோதரிகளே, நீங்களும் எதையாவது படங்கால் மூடி வைத்துக்கொண்டு, ஒருவரும் காணக்கூடாது என்று மன்றாடிக்கொண்டிருக்கலாம். மன்றாட்டை மாற்றிப் பாருங்கள். கண்டுபிடியும் என்று கேளுங்கள். பயமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் கேளுங்கள். அவர் அழிப்பதற்காகக் கண்டுபிடிக்கிறவர் அல்லர். இதை முழு மனதோடு சாட்சியாகச் சொல்கிறேன்.

கார் வெளியேறிய முத்திரை கிடைத்த கிழமை, அதைக் காட்டுவதற்காக அந்தச் சுங்க அதிகாரியிடம் போனேன். அவர் பார்த்து, சரி என்று தலையாட்டி, புத்தகத்தைத் திருப்பித் தந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணும் நிறைந்துவிட்டது. "மிஸ், உங்களை எனக்கு அந்தோனியார்தான் அனுப்பினவர்" என்றேன்.

"நாங்கள் பிள்ளையார் கோயில் ஆக்கள்; அடுத்த ஆள் வாங்கோ."