மேலதிக விசாரணைகளுக்கு

எங்கள் கம்பஸில் நான் பார்த்த வேலைக்கு நியமனக் கடிதத்தில் இருந்த பெயர் ஒரு வரிக்கு மேல் நீளும். ஊரில் கேட்டவர்களுக்கு அதை விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருந்ததில்லை. மற்றவர்களிடம் கேள்வி கேட்கப் போகிற ஆட்களிடம் நாங்கள் கேள்வி கேட்கிற இடம் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று நாவற்குடா முழுக்கத் தெரியும்; அது பல நேரம் உதவியாகத்தான் இருந்தது.

அந்த இடம் ஏன் வந்தது என்று சொல்ல, சுனாமி நாட்களுக்குப் போக வேண்டும். கடற்கரையில் வீட்டை இழந்த என் சின்னம்மாவுக்குத் துணையாக நானும் ஒரு பள்ளிக்கூட முகாமில் மூன்று கிழமை இருந்தேன். காலைச் சாப்பாடு வருவதற்கு முன்னமே கேள்வித்தாள் வந்துவிடும். கையில் மட்டை, கழுத்தில் அட்டை. ஆய்வுக்கு வந்த நல்ல பிள்ளைகள்தான், ஆனால் எல்லாரிடமும் ஒரே கேள்வி. கடலைக் கனவில் காண்கிறீர்களா, கிழமைக்கு எத்தனை தரம்? நாலாவது ஆள் வந்து கேட்டபோது, முந்தாநாள் வந்த பிள்ளையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் சின்னம்மா. முகாமுக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு கோபம் வந்தது. அவளுடைய கனவுகள் எந்த நாட்டில், யாருடைய அலுமாரியில் கிடக்கின்றனவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்படிக் கோபப்பட்டவர்கள் கம்பஸிலும் சிலர் இருந்தார்கள். ஆட்களைத் தேடிப் போய் ஆய்வு செய்கிற எவரும் முதலில் தங்கள் கேள்விகளை ஒரு குழுவுக்குக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் குழுவுக்கு ஓர் எழுதுவினைஞர் தேவைப்பட்டார். விசைப்பலகையைப் பார்க்காமல் தமிழ் அடிக்கத் தெரியும் என்பது மட்டுந்தான் எனக்கிருந்த தகுதி.

அறை என்று சொல்லக்கூடாது, அறையில் பாதி. மறுபாதியில் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு கணினி, பூட்டுள்ள இரும்பு அலுமாரி, வாவிப் பக்கம் திறக்கிற ஒரு யன்னல். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த யன்னலைத் திறந்தால் விண்ணப்பங்களெல்லாம் எழுந்து பறக்கும்; மூடினால் நாங்கள் வெந்துபோவோம். தாள்களின் மேல் வைக்க வாவிக்கரையிலிருந்து மட்டிச் சிப்பிகள் பொறுக்கி வந்தேன். இப்போது எல்லாம் இணையத்தில் என்கிறார்கள். குளிரூட்டிய அறையாம், விண்ணப்பத்துக்கு இலக்கமும் தானாக விழுமாம். விழட்டும். எனக்கு அந்தப் பாதி அறைதான் வேண்டும்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற வைத்தியர். நகரத்துப் பறங்கிக் குடும்பத்தவர். அக்காவுடன் தொலைபேசியில் அவர்களுடைய போர்த்துக்கீசில் பேசிக்கொண்டே என்னிடம் தமிழில் பால் விடாத பிளேன்ரீ கேட்பார். கிளினிக்கில் நோயாளிகளோடு கதைத்துக் கதைத்து வந்த தமிழ் அவருடையது. சுற்றி வளைக்கத் தெரியாது. எந்த ஆய்வுக்கும் முதலில் சம்மதப் படிவத்தைத்தான் எடுப்பார், எடுத்துச் சத்தமாக வாசிப்பார். இந்தச் சொல் எந்த நோவுக்கு என்று கேட்பார். அவருக்கு விளங்காத சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டால், அந்த மாணவன் மூன்றாம் முறையும் வரப்போகிறான் என்று அர்த்தம்.

எங்களைச் சோதனைச் சாவடி என்று மாணவர்கள் பகிடி பண்ணுவார்கள். ஆனால் தடுப்பது மட்டும் எங்கள் வேலையாக இருக்கவில்லை. குரல் பதிய றெக்கோடர் இரவல் கொடுத்தோம். கிராம சேவகருக்குக் கடிதம் அடித்துக் கொடுத்தோம். ஆட்கள் சொன்னதைப் பத்திரமாக வைக்க எங்கள் அலுமாரியில் இடம் கொடுத்தோம். கேட்ட கதைகளின் பாரம் தாங்காமல் வந்து அழுகிற பிள்ளைகளை அந்த உடைந்த கதிரைகளுக்குள் கால் சரியாக உள்ள ஒன்றைத் தேடி இருத்தி, டொக்டர் பக்கத்தில் இருந்து கதை கேட்பார். நான் ரீ ஊற்றுவேன்.

என் பெருமையெல்லாம் மாதிரிப் படிவத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் வந்த படிவத்தைத் தமிழாக்கியவள் நான். ஒவ்வொரு வசனத்தையும் டொக்டர் வாசித்து, வெட்டி, மறுபடி அடித்து, ஒரு மாதம் எடுத்தது. விரும்பினால் பங்குபற்றலாம், விரும்பாவிட்டால் விடலாம், எந்த நேரமும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதன் கீழ் ஒப்பம். ஒப்பத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி, எங்கள் தொலைபேசி இலக்கம். அது வெறும் இலக்கந்தானே என்று அதை மட்டும் யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. அரசாங்கக் கடதாசிகளில் எப்படிப் போடுவார்களோ அப்படியே நானும் போட்டிருந்தேன்: மேலதிக விசாரணைகளுக்கு.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் எங்கள் கம்பஸின் இளம் விரிவுரையாளர் ஒருத்தி விண்ணப்பித்தாள். கல்குடாவில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. ஆம்பிளைகள் இல்லாமல் வயல் செய்கிற பெண்களைப் பற்றி எழுத நினைத்தாள். அவளுடைய படிவத்தில் டொக்டர் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. சித்தாண்டிப் பக்கம் ஓர் அம்மாவிடம் நாலு நாள் இருந்து கதை கேட்டுவிட்டு முகம் மலர்ந்து வந்தாள். தன் ஆய்வின் உயிரே அந்த அம்மாதான் என்று என்னிடம் சொன்னாள். மூத்த மகனை இழந்த அம்மா, இளைய மகனை வைத்துக்கொண்டு தன் வயல்வட்டையில் ஒரு போகம்கூடத் தப்பவிடாமல் விதைத்தவள். படிவத்தின் ஒரு பிரதியை விரிவுரையாளர் விதிப்படி அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா எங்கள் வாசலில் நின்றாள். காலை முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் பொலித்தீன் பை, பைக்குள் படிவம். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இதில மேலதிக விசாரணைக்கெண்டு போட்டிரிக்கி. ஆரை வரச் சொல்லியிரிக்கி மகள்? என்னையா, அவனையா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், வெட்கத்தோடு சொல்கிறேன், சிரிப்புத்தான் வந்தது. அது அப்படி இல்லை அம்மா, ஏதும் கேட்க இருந்தால் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்றுதான் அர்த்தம், எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று எழுதுவினைஞர் குரலில் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூத்தவனையும் விசாரணைக்கெண்டுதான் கூட்டிப் போனாங்க. பத்து நிமிசம் எண்டாங்க."

போனவன் இன்னும் திரும்பி வரவில்லை. மிச்சத்தை அவளே சொன்னாள். இளையவன்தான் படிவத்தைக் கடைசி வரைக்கும் வாசித்தவன். வாசித்த அன்றே வாவியைக் கடந்து படுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டான். வெட்டுக் காலம், நெல் முற்றிச் சரிந்து கிடக்கிறது, ஆள் இல்லை. ஆனால் அவளுக்கு நெல் பெரிதில்லை. ஒப்பம் வைத்தவள் அவள், இருக்கிற ஒரே பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பதிய விட்டவளும் அவள். தாளையும் குரலையும் திருப்பித் தந்தால் அவன் வீட்டுக்கு வருவான். அதற்காக வந்திருக்கிறாள்.

டொக்டருக்கும் விரிவுரையாளருக்கும் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வரும்வரை, நான் அடித்த அந்த வரியை என்னால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. எத்தனை படிவத்தில் அது போயிருக்கும்? அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு என்ன அர்த்தம் இருந்தது? எனக்கு மட்டும் தெரியாதா? ஆட்களைப் பிடித்துப் போக ஜீப் வந்து நின்ற ஒழுங்கையில் நானும் குடியிருந்தவள்தானே. கடதாசியில் போடும்போது மட்டும் அதைக் கடதாசிச் சொல்லாக்கிவிட்டேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

விரிவுரையாளர் வந்து, விசயம் கேட்டு, வெளிறிப்போனாள். ஆய்வை ஒப்படைக்க இரண்டு மாதந்தான் இருந்தது. அந்த அம்மா இல்லாவிட்டால் நடு அத்தியாயமே இல்லை. தற்செயலாக அங்கே வந்திருந்த குழு உறுப்பினர் ஒருவர், சொல்லைத் திருத்திப் புதுப் படிவம் கொடுப்போம், நன்றாக விளக்குவோம், பதிந்ததை வைத்துக்கொள்ளலாம் என்றார். விதி அதற்கு இடம் கொடுக்கும் என்றும் சொன்னார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ விளக்கம் கேட்டு வரயில்ல. தாள் கேட்டு வந்திரிக்கா."

அலுமாரியின் பூட்டைத் திறக்கிற திறப்பை விரிவுரையாளர் தானே என் மேசையிலிருந்து எடுத்தாள். றெக்கோடரைக் கொண்டுவந்து, அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, எந்தப் பொத்தானை அமத்தினால் அழியும் என்று காட்டினாள். அம்மாவே அமத்தினாள். எழுதியெடுத்த தாள்கள், ஒப்பமிட்ட படிவம், எல்லாம் அந்தப் பொலித்தீன் பைக்குள் போயின. ஒரு தாளைக்கூட விரிவுரையாளர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஆய்வு ஒரு வருடம் பிந்தியது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் முறையிட்டதில்லை.

இனி மகன் வருவானா என்று டொக்டர் கேட்டார். அம்மா யோசித்தாள். வாய்ச்சொல்லை நம்ப மாட்டான், தாளைப் பார்த்துப் போனவன் தாளைப் பார்த்தால்தான் வருவான், சீல் குத்திய தாள் வேண்டும் என்றாள். யாரையும் விசாரிக்கவோ விடவோ எங்களுக்கு ஏது அதிகாரம்? டொக்டர் என்னைப் பார்த்து, அடியுங்க என்றார். கம்பஸ் தலைப்புத் தாளில் அடித்தேன். இன்னாருக்கு எந்த விசாரணையும் இல்லை. பயப்படாமல் வீட்டுக்கு வரலாம். இரண்டாவது வசனம் அலுவலகத் தமிழ் இல்லை, நானாகச் சேர்த்தது. டொக்டர் அதை வெட்டவில்லை. ஒப்பமிட்டார், நான் சீல் குத்தினேன்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். இந்த முறை கடைசி வரிவரைக்கும் வாசித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். இரண்டு நாளில் இளையவன் வீடு வந்துவிட்டான், நெல்லும் வெட்டியாயிற்று என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் அன்றைக்கு, கடிதத்தைப் பைக்குள் வைத்த பிறகும் அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"மூத்தவனுக்கும் இப்பிடி ஒண்டு அடிச்சித் தாங்க மகள்" என்றாள்.

விரிவுரையாளர் எழும்பிப் போய் யன்னலோரம் நின்றாள். நான் டொக்டரைப் பார்த்தேன். அவர் பேனையை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார். முழுப்பெயரைக் கேட்டேன். சொன்னாள். கணினியில் முதல் கடிதம் அப்படியே இருந்தது. பெயரை மட்டும் மாற்றினேன்.