அம்மா மோட்டாரின் கடக் சத்தம்

என் அம்மாவை நொண்டி என்று சொன்ன எவனும் அவருடைய மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்த்ததில்லை. ஓட்டிப் பார்த்த ஒரே ஆள் என் மாமா. அவர் என்ன ஆனார் என்பதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு பழைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இருந்தோம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அம்மாவுக்கு இடது கால் சூம்பிப் போய்விட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் விடிவதற்கு முன்னே எழுந்து இடியாப்பம் பிழிந்து சந்தையில் விற்றார். பினாங்கில் அதைப் புட்டு மாயம் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் அம்மாவிடம் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதாவது, அம்மா சந்தைக்குப் போய்ச் சேர்ந்த நாட்களில்.

போய்ச் சேருவது மாமாவின் கையில் இருந்தது. மாமா அம்மாவுக்கு அண்ணன். சந்தைக்குப் போகிற வழியில், சாலை வளைகிற இடத்தில் அவருக்கு ஒரு மளிகைக் கடை. கடைக்குக் காய்கறி எடுக்க வேனில் போகும்போது தங்கையையும் ஏற்றிக்கொள்வார். அவர் எழுந்தால் அம்மாவுக்கு வியாபாரம். அவர் தூங்கிவிட்டால் எங்களுக்கு மூன்று வேளையும் இடியாப்பம். எனக்கு இன்றைக்கும் இடியாப்பத்தைக் கண்டால் பிடிக்காது.

அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும். "உன்னை முதுகுல தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனவன் நான்" என்பார். தூக்கினார்தான். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்காக அவர் தூக்கம் கலைகிற நேரத்துக்காக ஒரு பெண் ஆயுசு முழுக்கக் காத்திருக்க வேண்டுமா? இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். தினமும் ஃபெர்ரியில் போய் வருவார். அதிகம் பேசாத மனுஷன். ஒருநாள் அம்மாவும் அவரும் பேசி முடிவு செய்து புது மோட்டார் ஒன்று வாங்கினார்கள். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் அதன் இடது பக்கம் ஒரு பெட்டியும் மூன்றாவது சக்கரமும் வைத்துப் பற்றவைத்தார்கள். அது செமி ஆட்டோ மோட்டார். கிளட்ச் பிடிக்க வேண்டாம், கியரை மட்டும் மாற்றினால் போதும். மற்றவர்கள் காலால் மிதிக்கிற கியரை அம்மாவுக்காகக் கையால் தள்ளுகிற கம்பியாக மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தக் கம்பியைத் தள்ளினால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். சின்னச் சத்தம் இல்லை. இரும்பு வாளியைச் சிமெண்டுத் தரையில் போட்டது மாதிரி இருக்கும். முதல் கியருக்கு ஒரு கடக். இரண்டாவது கியருக்கு அதைவிடப் பெரிய கடக். அப்பா மோட்டார் விற்ற சீனரிடம் போய்க் கேட்டார். "பியாசா லா, புது மோட்டார் அப்படித்தான், ஓட ஓடச் சரியாயிடும்" என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக்குப் புது மோட்டார் வந்திருப்பது நான்கு மாடிக்கும் தெரிந்ததே!

மாமாவுக்கும் தெரிந்தது. வந்தார். மோட்டாரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அம்மாவைக் கியர் போடச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது மோட்டாரா, தகரக் கடையா? கியர் பாக்ஸ் போச்சு லா. நடு ரோட்டுல நின்னா இந்தக் காலை வச்சிக்கிட்டு எறங்கித் தள்ளுவியா?"

"நின்னா நிக்கட்டும் அண்ணே. உங்க வேனும்தான் நிக்குது, உங்க வீட்டு வாசல்லயே" என்றார் அம்மா.

நான் சிரித்துவிட்டேன். அப்பா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய கை சிரிப்பில் ஆடியது எனக்குத் தெரியும்.

மாமா விடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் மோட்டாருக்குப் பூசை. சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்க ஓட்ட வேண்டும். பூசை முடிந்ததும் ஓட்டுகிற அந்த முதல் ஓட்டத்தை வீட்டில் மூத்த ஆம்பளை ஓட்டுவதுதான் வழக்கமாம். ஆகவே, தான்தான் ஓட்டுவேன் என்றார். ஓட்டும்போது அந்தச் சத்தம் கேட்டால் அங்கிருந்தே நேராகக் கடைக்குப் போய் மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னார். அப்பா கழுத்தைச் சொறிந்துகொண்டு, "மச்சான் சொன்னா சரி" என்றார். அப்பா மாமாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அன்று இரவு அம்மா இடியாப்ப அச்சைக் கழுவும்போது பாத்திரங்கள் அதிகமாக மோதின.

கோயிலில் மோட்டாருக்கு மாலை போட்டார்கள், விபூதி பூசினார்கள். ஐயர் நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, சக்கரத்தை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றை மடியில் சொருகிக்கொண்டார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா ஏறினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு சக்கர மோட்டாரை நாம் உடம்பைச் சாய்த்துத்தான் திருப்புகிறோம். மூன்று சக்கரம் சாயாது. வேகம் கூட்டப் பிடியை முறுக்கினால் பெட்டி இருக்கிற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, நாம்தான் நேராக்க வேண்டும். அம்மா பூசைக்கு முன்பே இதைச் சந்தைக்குப் பின்னால் காலி இடத்தில் வாரக்கணக்கில் பழகினார். கை தோல் உரிந்தது. பழகித்தான் லைசென்ஸ் வாங்கினார். மாமா பிறந்ததிலிருந்தே மோட்டார் ஓட்டுகிறவர் மாதிரி பேசுவார். அவர் எதற்கு யாரிடமும் கேட்கப் போகிறார்?

மாமா பிடியை நன்றாக முறுக்கிக்கொண்டே கம்பியைத் தள்ளினார். கடக்!

"கேட்டீங்களா?" என்று எங்களைப் பார்த்துத் திரும்பினார். அதற்குள் மோட்டார் துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. இடது பக்கம் இழுத்தது. மாமா பழக்கத்தில் உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்தார். மோட்டார் அதைச் சட்டை செய்யவில்லை. நேராகத் தேங்காய் உடைக்கிற தொட்டிக்குப் போய், ஓடுகளுக்கு நடுவில் முன் சக்கரத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. தொட்டியிலிருந்த தேங்காய்த் தண்ணீர் முழுவதும் மாமாவின் மேல்.

அவருக்கு அடி எதுவும் படவில்லை. முதலில் அதைத்தான் அம்மா பார்த்தார். "கால் கையெல்லாம் நல்லா இருக்கா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே நொண்டி நொண்டி ஓடினார்.

"சனியன் புடிச்ச மோட்டார்! இன்னைக்கே திருப்பிக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை!" மாமாவின் மீசையிலிருந்து தேங்காய்த் துணுக்கு விழுந்தது.

அம்மா மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எறங்குங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை. மாமா இறங்கினார். அம்மா கையால் தன் இடது காலைத் தூக்கி வைத்து ஏறி உட்கார்ந்தார். மோட்டாருக்குப் பின்னால் போகிற கியர் கிடையாது. யாராவது இழுத்துவிட வேண்டும். யாரும் அசையவில்லை. அப்போது அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, மாமாவின் முகத்தைப் பார்க்காமல், மோட்டாரைப் பின்னால் இழுத்தார். அப்பா செய்த மிகப் பெரிய வீரச் செயல் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

ஐயர் உள்ளேயிருந்து இரண்டு பழம் கொண்டுவந்து, மடியிலிருந்ததையும் சேர்த்து மறுபடி மூன்று வைத்தார். "நான் பெட்டியில ஏறிக்கவாம்மா?" என்றேன். "ஏறு" என்றார்.

கடக்! மூன்று பழமும் ஒரே சமயத்தில் நசுங்கின. வழக்கப்படி கோயில் வாசலைத் தாண்டியதும் நிறுத்திவிடுவார்கள். அம்மா நிறுத்தவில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பெரிய சாலையில் ஏறினார். கடக்! பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள். கடக்! ஒரு கெரேத்தாக்காரன் காரை ஒதுக்கி வழிவிட்டான். நான் பெட்டிக்குள் எழுந்து நின்றேன். "உக்காருடி!" என்று அம்மா கத்தினார். ராஜா வீட்டுப் பிள்ளைகூட அன்றைக்கு என்னைவிட உயரத்தில் போயிருக்காது.

மறுநாளிலிருந்து அம்மா தானே சந்தைக்குப் போனார். யாருடைய தூக்கமும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன், இடியாப்பக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு.

சில மாதங்களில் கியர் பழகிவிட்டது. அம்மாவின் கையும் பழகிவிட்டது. பிடியைத் தளர்த்திக் கம்பியை மெதுவாகத் தள்ளினால் சத்தமே வராது. வழி முழுக்க வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி கியர் மாறும். ஆனால் மாமாவின் கடை இருக்கிற அந்த வளைவில் மட்டும், தினமும், தவறாமல் 'கடக்' என்று கேட்கும். கடைக்குள்ளிருந்து மாமா தலையை நீட்டுவார். நாங்கள் போனபிறகுதான் உள்ளே இழுத்துக்கொள்வார்.

"ஏம்மா இங்க மட்டும் கியர் கத்துது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரோடு சரியில்லடி" என்றார் அம்மா, முகத்தைத் திருப்பாமல்.

நான் பெட்டிக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டைப் பார்த்தேன். புதிதாகத் தார் போட்ட ரோடு. ஒரு குழியும் இல்லை. குழி எங்கே என்று அந்த விடுமுறை முழுக்கத் தேடினேன்.