கறுப்பு நூலில் தைத்த டப்பா

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். மலைமேல் கரியாலூரில் நர்சாக இருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியவில்லை. திருக்கோவிலூரிலிருந்து அண்ணி முறுக்கு சுட்டு, டப்பாவில் போட்டு, மேலே துணி சுற்றித் தைத்து, மலைக்கு வரும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார்.

அண்ணி எப்போதும் வெள்ளை நூலில்தான் தைப்பார். அந்த ஆள் கொண்டுவந்த டப்பாவிலோ கோணல்மாணலாகக் கறுப்பு நூல்.

"இன்னாங்க, யாரு பிரிச்சது?"

"வழியில போலீசு பிரிச்சிப் பாத்தாங்க. நான்தான் திரும்பத் தெச்சேங்க."

நான் நம்பவில்லை. ஊருக்கு ஊர் பகை புகைந்த நேரம். எதைக் கலந்தானோ! "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று குடைந்தேன். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, டப்பாவைத் திறக்காமலே குழி தோண்டிப் புதைத்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணியின் கடிதம் வந்தது. "பஸ்சு கள்ளக்குறிச்சியோட நின்னாலும் நடந்தே கொண்டுபோய்த் தரேன்னாரு. கையில முறுக்கு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு. அதான் டப்பா அடியில அவருக்குன்னு ஒரு பொட்டலம் வெச்சேன். குடுத்தியா?"

இப்போது யார் பார்சல் கொண்டுவந்தாலும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அவர் எதிரிலேயே பிரிக்கிறேன். அடிவரைக்கும் எடுத்துப் பார்க்கிறேன்.