கிணற்றுக்கு ஒரு கப் பால்

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் கஜன் போன் எடுத்தான். எங்களுக்கு வீட்டுக்கடன் ஒழுங்குசெய்கிற மோர்கேஜ் ஏஜென்ட். தம்பி என்று கூப்பிடுகிற வயதுதான். பேச்சு மட்டும் பெரிய டொக்டர் மாதிரி.

"அக்கா, முதல்ல இருங்கோ. தண்ணியில கிருமியாம்."

நாங்கள் வாங்கப்போகிற வீட்டின் கிணற்றுத் தண்ணீரைத்தான் சொல்கிறான்.

வழக்கமாக வாசிக்கிற உங்களுக்குத் தெரியும் — பதினொரு வருடமாக ரொறன்ரோவின் வோபர்ன் பக்கம் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேலே இருக்கிற வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார். இரண்டு மாதத்தில் நாங்கள் கிளம்பவேண்டும். ரொறன்ரோவில் வீடு வாங்குகிற கதையை விடுங்கள். நகரத்துக்கு வெளியே விட்பியில்கூட விலையைக் கேட்டுவிட்டு, பேசாமல் காரில் ஏறி வந்துவிட்டோம். அதற்கும் அப்பால் வயலும் மாடுமாக ஒரு கிராமப்புறம். அங்கேதான் இந்தச் சின்ன வீடு அகப்பட்டது. என் கணவருக்கு விட்பியில் வேர்ஹவுஸ் வேலை என்பதால் தூரமும் பரவாயில்லை.

கையில் இருந்த முற்பணம் கொஞ்சம்தான். எங்களைப் போன்றவர்களுக்கு அரசாங்க உத்தரவாதத்தோடு கடன் கிடைக்கும். சும்மா கிடைக்குமா? நீங்களே குடியிருப்பீர்களா, பனிக்காலத்திலும் றோட்டால் போய்வரலாமா, கழிவுத்தொட்டி ஒழுங்கா, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா... என்னைப் பெண்பார்க்க வந்தபோது மாமியார்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கடன் சரிவராட்டி வீடு அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றான் கஜன். "நல்ல தண்ணி எண்டு றிப்போர்ட் வேணும். விக்கிற அம்மாட்டத் தவணை கேட்டுப் பாப்பம்."

பின்னேரம் வேலையால் வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வழக்கப்படி அரசாங்கத்தைத் திட்டவேண்டிய மனுசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இருபத்துமூன்று வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இது போதாதா?

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் பெரிசா இல்லை. ஒரு கப் பால்தான் விட்டனான்."

"எங்க?"

"கிணத்துக்க."

முந்தின கிழமை வீட்டைப் பரிசோதிக்கப் போன அன்றைக்கு, வீடு பரிசோதிக்கிற இன்ஸ்பெக்டர் கிணற்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே விட்டு நிலவறைக்குள் இறங்கியிருக்கிறார். நானும் பின்னால் போய்விட்டேன். வெளியே இவர் தனியே. வரும் வழியில் கோப்பிக் கடையில் தனியாக வாங்கிய பால், வீட்டிலிருந்து ரிசுக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்த மஞ்சள்தூள்... எல்லாம் உள்ளே. பிறகு காணியில் ஒரு பிடி புல் பிடுங்கி, அதையும் போட்டுக் கும்பிட்டிருக்கிறார்.

"என்ன புல்?"

"அறுகம்புல் மாதிரித்தான் கிடந்தது."

அரை மணித்தியாலம் கழித்து, அதே கிணற்றின் தண்ணீரைத்தான் இன்ஸ்பெக்டர் குழாயில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இன்னும் கடனே வரேல்லை, அதுக்குள்ள என்ன சடங்கு?" என்று கத்தினேன். அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"மூண்டு வாடகை வீட்டிலயும் பால் காய்ச்சினனாங்கள்தானே. மூண்டும் ஆரோ ஒருத்தற்ற வீடு. உது எங்கட எண்டு நினைச்சிட்டன்."

நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். 

மறுநாள் வீட்டை விற்கிற எலனுக்கு இவரே போன் எடுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். எழுபது தாண்டிய மனுசி. கேட்டு முடித்துச் சிரித்தார் பாருங்கள்... மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. கிணற்றுக்கு மருந்து போட்டுச் சுத்தப்படுத்தித் தருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைத் தவணையையும் இரண்டு கிழமை தள்ளித் தந்தார். 'அந்தக் கிணற்றை இவ்வளவு மரியாதையாக வேறு யாரும் நடத்தியதில்லை' என்றாராம்.

கிருமி பழைய கிணற்றால் வந்ததா, இவருடைய புல்லால் வந்ததா? றிப்போர்ட்டில் அது இல்லை. இருந்தாலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் புல் என்றுதான் சொல்லிவருகிறேன்.

இரண்டாம் முறை தண்ணீர் தேறியது. கடனும் வந்தது. வருகிற மாதம் குடிபோகிறோம்.

கிராமத்தில் வீடு வாங்க யோசிக்கிறவர்கள் கஜனிடம் தகுதிப் பட்டியல் வாங்கலாம். அதில் இல்லாத ஒரு வரியை என்னிடமிருந்து எழுதிக்கொள்ளுங்கள் — பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கிற அன்றைக்குக் கணவர் காருக்குள்ளேயே இருக்கவேண்டும்.