சகலை போட்ட போல்ட்டும் நான் போட்ட போல்ட்டும்

எனக்கு என் சகலையைக் கண்டாலே ஆகாது. என் சம்சாரத்தோட அக்காவைக் கட்டினவர். அவர் திருச்சியில ஓவர்சியர். நான் பெரம்பலூர்ல கட்டடப் படம் வரையுற வெறும் டிராப்ட்ஸ்மேன். அரியலூர்ல மாமனார் வீட்டுக்குப் போனா முதல் இலை அவருக்குத்தான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

யுத்த காலத்துல மாமனாரோட கடலைக் குடோன் கூரை இறங்கிடுச்சு. பர்மா தேக்கு வரத்து நின்னுபோச்சு. கிடைச்சதெல்லாம் குட்டை குட்டையா வேங்கை மரம். கூரையைத் தாங்குற முக்கோண மரச்சட்டம், டிரஸ்னு சொல்வோம், அதுல சுவருக்குச் சுவர் அடியில ஓடுற விட்டத்தை ரெண்டு துண்டா ஒட்டுப்போட்டாகணும். எந்நேரமும் இழுபட்டுக்கிட்டே இருக்கிற மரம் அது. ஒட்டு விட்டுதுன்னா கூரை மொத்தமும் உக்காந்துடும். மாமனார் எங்க ரெண்டு பேரையுமே அந்த ஒட்டுக்குப் படம் போடச் சொன்னார். இந்த ஒரு கூரை என் படத்துல ஏறிட்டா அந்த வீட்டுல நானும் ஒரு ஆள்னு துடிச்சேன்.

சகலை, மர முனைக்குக் கிட்டவே, ஒட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பக்கத்துக்கு ஒரே ஒரு தடி போல்ட் போட்டிருந்தார். நான் பக்கத்துக்கு மூணு மெல்லிசு போல்ட்; முனையை விட்டு நல்லா தள்ளி, மரத்தோட ஒரே நார்ல விழாம மாத்தி மாத்தி.

"என்ன சின்ன மாப்ள, மரத்தைச் சல்லடையாக்கிட்டீங்க?"ன்னு மாமனார் சிரிச்சார். கூடவே சகலையும் சிரிச்சார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ரெண்டு ஒட்டுக்கும் சின்னதா மாதிரி செஞ்சு இழுத்துப் பாத்துடுவோம்"னேன்.

ரெண்டு மாதிரியையும் புளியமரத்துல சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு, அடியில பலகை கட்டி, கடலை மூட்டையா ஏத்துனோம். 'கிழியுடா, கிழியுடா'ன்னு உள்ளுக்குள்ள ஜபம். படார்னு சகலையோட மரம் போல்ட்லேர்ந்து முனை வரைக்கும் நார்வாக்குல பொளந்துச்சு. என்னுது அசையலை. நான் குதிக்காத குறை.

சகலை பொளந்த மரத்தைத் தடவிப் பாத்தார். நேரா வந்து என்னைக் கட்டிக்கிட்டார். "தப்பு என்னுது சகலை. போல்ட்டைப் பாத்தேன், மரத்தைப் பாக்கலை. உங்க படத்துலயே ஏத்துங்க, நானே கூட நிக்கிறேன்."

மாமனாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "தப்பைத் தப்புன்னு ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்! எங்க பெரிய மாப்ள குணம் யாருக்கு வரும்!"

கூரை என் படத்துலதான் ஏறுச்சு. ஊர் திரும்புற பஸ்ஸுல சம்சாரம் ஒரு வார்த்தை மெச்சுவாளான்னு பொறுத்துப் பாத்தேன், முடியலை.

"ஏண்டி, என் படம்தானே ஜெயிச்சுது?"

"ஆமாங்க," அப்படின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "ஆனாலும் அத்தான் மாதிரி ஒரு மனுசனைப் பாக்க முடியுமா?"