கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ராஜபாளையத்தில் ஜாக்கெட் தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். அந்த மாதம் எங்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதில் டீயும் பன்னும்தான். வீட்டுக்குப் போனதும் மொத்தப் பசிக்கும் சேர்த்து ஒரு பிடி பிடிப்பேன்.

என் பின்கழுத்து எப்போதோ கருத்திருந்தது. வியர்வை அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு, எலுமிச்சம்பழம், தேங்காய் நார் என்று எல்லாம் போட்டுத் தேய்த்தேன். தோல் எரிந்ததே தவிரக் கருப்பு போகவில்லை. கடைசியில் என் ஜாக்கெட்டுகளின் பின்கழுத்தை ஏற்றித் தைத்து மறைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு நர்ஸ் துணி கொடுக்க வந்தார். குனிந்து அளவு எழுதிக்கொண்டிருந்த என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்கக்கா. இது அழுக்கு இல்ல, எம்புட்டுத் தேச்சாலும் போகாது. சுகர் பாத்தீகளா?" என்றார்.

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "தைக்கக் குடுக்க வந்தீகளா, வைத்தியம் பாக்க வந்தீகளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்து நாள் கழித்து ஜாக்கெட் வாங்க வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை. அவரும் விடவில்லை. "ஒங்க இடுப்பு எம்புட்டுக்கா?" என்றார். "முப்பத்திரண்டு" என்றேன், ஊர் இடுப்பையெல்லாம் அளக்கிறவள் என்ற திமிரில். சிரிக்காமல் டேப்பை எடுத்து நீட்டினார். அளந்தேன். நாற்பதைத் தொட்டது. நம்பாமல் மறுபடி அளந்தேன். ஜாக்கெட்டின் உள்ளே இரண்டு மூன்று வரிசைத் தையல் போட்டிருப்போம். இறுக்கினால் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டால் போதும். வருடக்கணக்காகப் பிரித்துப் பிரித்தே போட்டுக்கொண்டவள், ஒருமுறைகூட என்னை அளந்ததில்லை.

அன்றைக்கு உண்மையிலேயே பயந்தேன். சர்க்கரையில்தான் என் அம்மாவுக்குக் கண் போனது. எனக்கும் அப்படி ஆனால் கடை என்னாவது? வீட்டுக்காரர் இல்லை, மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரமே அந்த நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை பார்டரில் நின்றது. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கிற சதை இல்லை, அதுவும் ஹார்மோன் சுரக்கும் என்றார் டாக்டரம்மா. 'போதும்' என்று மூளைக்குச் சொல்கிற லெப்டின் அளவுக்கு மீறிச் சுரந்தால், மூளை அதைக் காதில் வாங்காதாம். இன்சுலினுக்குத் துணை நிற்கிற அடிப்போனெக்டினோ குறைந்துவிடுமாம். சர்க்கரையைக் குறைக்கிற வேலை சரியாக நடக்காததால் இன்சுலின் ரத்தத்தில் கூடிப்போனதன் அடையாளம்தான் என் கழுத்துக் கருப்பு. "இப்பவே இடுப்பக் கொறச்சா திரும்பி வந்துரலாம். தள்ளிப்போடாதீங்க" என்றார்.

தள்ளிப்போடவில்லை. தையல் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுக் காலால் மிதித்தே தைத்தேன். கடைக்கு நடந்தே போனேன். பன்னை நிறுத்தி, மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிட்டேன். அவசரத் தையலோடு வந்தவர்களிடம் "லேட்டாகும்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன், சிலர் முறைத்தார்கள். ஒன்றரை வருடத்தில் இடுப்பு முப்பத்தைந்துக்கு வந்தது. சர்க்கரையும் இறங்கியது. கழுத்துகூட முக்கால்வாசி வெளுத்துவிட்டது.

இப்போது யார் கழுத்திலாவது அந்தக் கருப்பைக் கண்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சேத்தூர்ப் பெண் ஒருத்தி கோபத்தில் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மற்றவர்கள் முன்னால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் மறுபடி என் கடைப் படியேறிய அந்த நர்ஸை அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தச் சேத்தூர்ப் பெண் இனி வேறு யாரிடம் தைத்தாலும் சரி, ஒருமுறை போய் ரத்தம் பார்த்துக்கொண்டால் எனக்கு அது போதும்.